யார் ஃபைலை யார் அழித்தது? – வாசகர் கேள்வி பதில்

ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் இடங்களில் வரும் தொல்லைகளை எழுதி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பெரும்பாலானவை பாரிமுனைக்கு வடக்கே இருந்து. துறைமுகத்தை நம்பியிருக்கும் ஆபீஸ்கள், எம்.சி. ரோடு கடைகள், வியாசர்பாடிப் பக்கம் காலேஜ் பசங்க. சரி, இந்த முறை முழுக்க வடசென்னைக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆள் பெயர், ஆபீஸ் பெயர் எதையும் போடவில்லை. தங்கள் சர்வர் எப்படித் திறந்து கிடக்கிறது என்று சிலர் விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள், அதை விலாசத்தோடு அச்சில் போட்டால் வம்பு.

தம்புச் செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் எங்களுடையது. ஒரு லினக்ஸ் மெஷின், அதில் ஆறு பேருக்கு லாகின். கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில் ஸ்கேன் எல்லாம் ஒரு பொது ஃபோல்டரில் இருக்கும். வேலை முடிந்த ஃபைல்களை யாரும் தொடக்கூடாது என்று ரூட் (சிஸ்டத்தின் தலைமை அட்மின்) பெயருக்கு மாற்றி, ரீட்-ஒன்லியும் ஆக்கி வைத்தேன். அப்படியும் ஒரு ஃபைல் காணோம். ரூட் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஹேக் பண்ணிவிட்டார்களா சார்?
– மண்ணடி வாசகர்

ஹேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் ஆபீஸில் யாரோ ஒருவர் டிலீட் அடித்திருக்கிறார், சிஸ்டமும் சரி என்று விட்டிருக்கிறது, ஏனென்றால் அந்த அனுமதியைக் கொடுத்தது நீங்கள்தான்.

லினக்ஸ் மாதிரி யுனிக்ஸ் வழி வந்த சிஸ்டம்களில் ஃபைலின் பெயர் ஃபைலுக்குள் இருப்பதில்லை. ஃபோல்டர் என்பது ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதற்கு நேரே ஐநோட் என்கிற ஒரு எண். ஃபைலை அழிப்பது என்றால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை அடிப்பது, அதாவது ஃபைலில் கை வைக்கவில்லை, ஃபோல்டரில்தான் கை வைக்கிறோம். அதனால் கர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் புரோகிராம், பார்ப்பது இந்த ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் இவருக்கு அனுமதி உண்டா என்பதை மட்டுமே. ஃபைல் ரூட்டுடையதா, ரீட்-ஒன்லியா என்று ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆர்எம் கமாண்ட் அடிக்கும்போது 'எழுத முடியாத ஃபைல், அழிக்கட்டுமா' என்று ஒரு கேள்வி வருமே, அது அந்தக் கமாண்ட் தானாகக் காட்டும் மரியாதை. 'எஸ்' என்றால் அழித்துவிடும்.

அழிந்து போனது கூடப் பரவாயில்லை, பேக்கப்பில் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருப்பது இதே ஓட்டையின் இன்னொரு பக்கம். உங்கள் ரீட்-ஒன்லி ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து ஓரம் கட்டிவிட்டு, அதே பழைய பெயரில் எடையோ மதிப்போ மாற்றிய இன்னொரு பிடிஎஃப்பை அங்கே வைத்துவிடலாம். பெயர் அதே, இடம் அதே, பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரே ஒரு தடயம் இருக்கும்: புது ஃபைலின் ஓனர் ரூட்டாக இருக்காது, வைத்தவருடைய பெயராக இருக்கும். இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதல் வேலையாக, ஃபைல்களின் ஓனரையும் அனுமதியையும் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் கமாண்டை அடித்து, முடிந்த ஃபைல்களில் ரூட் அல்லாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வழி? பொது ஃபோல்டர் பொதுவாகவே இருக்க வேண்டும் என்றால் அதற்கு ஸ்டிக்கி பிட் போடுங்கள், அனுமதியை மாற்றும் சிஹெச்மோட் கமாண்டில் 1770 என்று. முதலில் நிற்கும் 1தான் அந்த பிட், மற்ற எண்களின் கணக்கு அடுத்த பதிலில். அதன் பிறகு ஒரு ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ அந்த ஃபைலின் ஓனர், ஃபோல்டரின் ஓனர், ரூட், இவர்களால் மட்டும்தான் முடியும். எல்லா லினக்ஸிலும் இருக்கும் டெம்ப் ஃபோல்டர் இப்படித்தான் ஓடுகிறது, அதன் அனுமதி எழுத்துகளின் கடைசியில் 't' இருப்பது இதனால்தான். ஆனால் முடிந்த வேலைகளுக்கு நான் இதைக்கூடச் சிபாரிசு செய்ய மாட்டேன். ரூட்டுக்குச் சொந்தமான தனி ஃபோல்டர், மற்றவர்களுக்குப் படிக்கவும் நுழையவும் மட்டும் அனுமதி, அதில் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். அப்புறம் அதற்கு மேலே இருக்கும் ஃபோல்டரையும் ஒரு தடவை பாருங்கள். மேலே இருப்பதில் எல்லோரும் எழுதலாம் என்றால் உங்கள் பத்திரமான ஃபோல்டரையே பெயர் மாற்றித் தள்ளி வைத்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை உருவாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சர்வர் போட்டுக் கொடுத்தவர் எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிட்டுப் போனார். அது தப்பு என்று என் மைத்துனர் சொல்கிறார். ஆனால் எல்லாம் நன்றாக வேலை செய்கிறதே?
– அச்சகம் நடத்துபவர், கொருக்குப்பேட்டை

வேலை செய்யாமல் என்ன? யாரையும் எதற்கும் தடுக்காத சிஸ்டத்தில் எரர் எங்கிருந்து வரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. முதல் 7 ஓனருக்கு, இரண்டாவது குரூப்புக்கு, மூன்றாவது 'மற்றவர்கள்' என்கிற ஊர் மொத்தத்துக்கும். மற்றவர்கள் என்றால் உங்கள் அச்சகத்து ஆட்கள் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதே மெஷினில் ஓடும் வெப் சர்வர், டேட்டாபேஸ், பிரின்டர் சர்வீஸ் இதற்கெல்லாம் தனித்தனி அக்கவுன்ட் இருக்கிறது, அவை எல்லாமும் 'மற்றவர்கள்'தான். உங்கள் வெப்சைட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒருவன் வெப் சர்வர் அக்கவுன்ட்டுக்குள் வந்தால் அவனுக்கும் அந்த 7 உண்டு. மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள். போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, எந்த அக்கவுன்ட்டுக்கு எந்த ஃபோல்டரில் எழுத வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாததால்தான் 777 போட்டிருப்பார்.

காலேஜ் லேப் சர்வரில் என் ஹோம் ஃபோல்டருக்கு 711 வைத்திருக்கிறேன். யார் வந்து பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று லிஸ்ட் வராது, சோதித்துவிட்டேன். அப்படியும் என் அசைன்மென்ட் புரோகிராம் வரிக்கு வரி இன்னொருத்தன் பெயரில் சப்மிட் ஆகியிருக்கிறது. மேடம் என்னைத்தான் காப்பி அடித்தவன் என்கிறார்.
– வியாசர்பாடி மாணவர்

தம்பி, லிஸ்ட் வராமல் தடுத்தீர்கள், நுழைவதைத் தடுக்கவில்லை. ஃபோல்டரில் 'ஆர்' என்பது பட்டியலைப் படிக்கும் அனுமதி, 'எக்ஸ்' என்பது அதன் வழியாக உள்ளே போகும் அனுமதி. இரண்டும் வேறு வேறு. 711-இல் மற்றவர்களுக்கு ஆர் இல்லை, எக்ஸ் இருக்கிறது. பெயர் தெரிந்தவன் நேராக அந்தப் பெயரைச் சொல்லி ஃபைலைத் திறக்கலாம். லேப் அசைன்மென்ட்டுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? லேப்3, எக்ஸ்5, மேடம் போர்டில் எழுதிப் போட்ட அதே பெயர். கண்டுபிடிக்க மூளை தேவையில்லை.

அப்படித் திறந்தாலும் ஃபைலைப் படிக்க அனுமதி வேண்டுமே என்று கேட்பீர்கள். அதை யூமாஸ்க் கொடுத்துவிடுகிறது. புது ஃபைல் உருவாகும்போது எந்தெந்த அனுமதியைக் கழிக்க வேண்டும் என்று சொல்வது யூமாஸ்க். நிறைய சிஸ்டங்களில் அது 022, அதாவது எழுதுவதை மட்டும் கழித்துவிட்டுப் படிப்பதை எல்லோருக்கும் விட்டுவிடும். புது ஃபைல் 644 ஆகப் பிறக்கும். நீங்கள் 700 போட்டு, யூமாஸ்க்கை 077 என்று லாகின் ஃபைலில் எழுதிவிடுங்கள், பழைய ஃபைல்களைத் தனியாக மாற்ற வேண்டும், அது தானாக மாறாது.

உபுண்டுவில் 2021 ஏப்ரலில் வந்த 21.04 வரைக்கும் புது யூசரின் ஹோம் ஃபோல்டர் 755 ஆகத்தான் உருவானது, எவரும் எவர் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். அந்தப் பதிப்பில்தான் 750 ஆக்கினார்கள். அதுவும் அதற்குப் பிறகு உருவாக்கும் யூசர்களுக்கு மட்டும், சிஸ்டத்தை அப்கிரேடு பண்ணினால் பழைய ஹோம் ஃபோல்டர்கள் அப்படியேதான் இருக்கும். மேடத்திடம் இரண்டு ஃபைல்களும் மாறிய தேதி, நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் அதை முழு ஆதாரம் என்று நம்ப வேண்டாம், டச் கமாண்டில் எந்தத் தேதியை வேண்டுமானாலும் வைக்கலாம்.

தினமும் ராத்திரி பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட், ரூட்டின் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) வழியாக ஓடுகிறது. ஸ்கிரிப்ட் ரூட் பெயரில்தான் இருக்கிறது, வேறு யாராலும் திருத்த முடியாது. இது போதும்தானே?
– தண்டையார்பேட்டை வாசகர்

ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் கேள்வியே. மண்ணடிக்காரருக்குச் சொன்னதை ஒரு தடவை படியுங்கள். அந்த ஃபோல்டரில் வேறொருவர் எழுத முடியும் என்றால் உங்கள் ஸ்கிரிப்டை அவர் திருத்தவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு அதே பெயரில் தன்னுடையதை வைத்துவிடுவார். ராத்திரி கிரான் வந்து பெயரைப் பார்த்து, அதை ரூட் அதிகாரத்தில் ஓட்டும். ஒரு ராத்திரி போதும், காலையில் அந்த மெஷின் அவருடையது.

ஸ்கிரிப்டுக்குள்ளே கூப்பிடும் மற்ற ஃபைல்களையும் பாருங்கள். 'செட்டிங்ஸ் இந்த ஃபைலில் இருந்து படி' என்று ஒரு வரி இருக்கும், அந்த செட்டிங்ஸ் ஃபைல் பாவம் யாரோ ஒரு ஆபரேட்டரின் ஹோம் ஃபோல்டரில் கிடக்கும். அப்புறம் பேக்கப் போய் விழும் இடம். சம்பளக் கணக்கு ஃபைலுக்கு 600 போட்டுக் கட்டிக் காத்துவிட்டு, அதையே டார் பண்ணி, அதாவது ஒரே மூட்டையாகக் கட்டி, 644-இல் பொது ஃபோல்டரில் வைத்தால் என்ன பிரயோஜனம்? டார் ஃபைலைத் தன் இடத்தில் பிரிப்பவருக்கு உள்ளே இருப்பது எல்லாமே அவருடைய ஃபைல்கள்தான்.

எங்கள் ஜவுளிக் கடையில் பில்லிங் பார்த்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் யூசரை நீக்கிவிட்டு, புதிதாக வந்த பெண்ணுக்குப் புது யூசர் போட்டேன். அந்தப் பெண் முதல் நாளே கேட்கிறாள், 'அண்ணா, கொள்முதல் ரேட் ஃபைல் எல்லாம் என் பெயரில் இருக்கே, நான் போடலையே' என்று. பார்த்தால் நிஜமாகவே அவள் பெயர்தான் காட்டுகிறது. இதென்ன கூத்து?
– எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

இந்த முறை வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இதுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

லினக்ஸுக்குப் பெயர் தெரியாது. ஃபைலின் மேல் எழுதியிருப்பது ஓனரின் எண், யூஐடி என்பார்கள். நமக்குக் காட்டும்போது மட்டும் எட்சி ஃபோல்டரில் இருக்கும் பாஸ்வேர்டு ஃபைலைப் பார்த்து அந்த எண்ணுக்கு நேரே உள்ள பெயரைப் போடுகிறது. சாதாரண யூசர்களுக்கு எண் 1000-இல் தொடங்கும். பையனுக்கு 1004 என்று வையுங்கள். யூசரை நீக்கியதும் பாஸ்வேர்டு ஃபைலில் அந்த வரி போனது, ஹோம் ஃபோல்டரையும் சேர்த்து நீக்கியிருக்கலாம். ஆனால் டி டிரைவ் மாதிரி வேறு இடத்தில் மவுன்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் அவன் உருவாக்கிய ஃபைல்கள் 1004 என்ற எண்ணோடு அங்கேயே கிடக்கும், அவற்றை யாரும் தேடிப் போய் அழிப்பதில்லை. அடுத்து யூசர்ஆட் ஓடும்போது, இருக்கும் எண்களில் பெரியது எதுவோ அதற்கு அடுத்ததை எடுக்கும். கடைசியாகச் சேர்ந்தவன் அவனே என்றால் அந்த அடுத்த எண் மறுபடி 1004. அவ்வளவுதான், பையனின் சொத்து முழுக்க அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது, ஓனர் என்கிற முழு உரிமையோடு.

போகிறவர்களின் யூசரை நீக்காதீர்கள். அக்கவுன்ட் காலாவதியாகிவிட்டது என்று குறித்து வைத்தால் போதும், யூசர்மாட் கமாண்டில் அதற்கு வசதி இருக்கிறது. பாஸ்வேர்டை மட்டும் லாக் பண்ணினால் போதாது, தூரத்திலிருந்து லாகின் ஆக உதவும் எஸ்எஸ்எச் கீ வைத்திருப்பவர் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வருவார். நீக்கியே தீர வேண்டும் என்றால் முதலில் அவர் எண்ணில் உள்ள ஃபைல்களை ஃபைண்ட் கமாண்டால் தேடி வேறு பெயருக்கு மாற்றிவிட்டு நீக்குங்கள். ஏற்கனவே அனாதையாகக் கிடப்பவற்றை அதே ஃபைண்டில் 'நோயூசர்' என்ற ஆப்ஷன் காட்டிக் கொடுக்கும்.

இதே எண் விவகாரம்தான் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டும்போதும் நடக்கும். இங்கே 1000 நீங்கள், அங்கே 1000 வேறு யாரோ. டிஸ்க்குக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

லாக் ஃபைலுக்கு 600 போட்டுவிட்டேன், இனி என்னைத் தவிர யாரும் படிக்க முடியாது என்று பார்த்தால், பக்கத்து டெஸ்க்காரர் ஸ்கிரீனில் புதுப்புது வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எப்படி?
– எண்ணூர் வாசகர்

அவர் நீங்கள் மாற்றுவதற்கு முன்பே திறந்துவிட்டார். அனுமதியை கர்னல் பார்ப்பது ஃபைலைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற மாதிரி, உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சீட்டு சீட்டாக வந்து கேட்க மாட்டார்கள். அவர் அந்த புரோகிராமை மூடும் வரை படித்துக்கொண்டே இருக்கலாம், எழுதத் திறந்திருந்தால் எழுதவும் செய்யலாம். ஃபைலையே அழித்தாலும் திறந்து வைத்திருப்பவருக்கு அது உயிரோடுதான் இருக்கும், அவர் மூடினால்தான் டிஸ்க்கில் இடமே காலியாகும்.

குரூப்பும் இப்படித்தான். ஒருவரை இன்று காலை குரூப்பிலிருந்து எடுத்தாலும், அவர் நேற்று லாகின் பண்ணிய செஷனில் பழைய குரூப் ஒட்டிக்கொண்டே இருக்கும். லாகின் ஆகும்போது கொடுத்த பட்டியல் அது, நடுவில் திருத்துவதில்லை. செஷனை மூடாமல் வைத்திருக்கும் டீமக்ஸ், ஸ்கிரீன் மாதிரி புரோகிராம் எதிலாவது செஷனை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் வாரக்கணக்கில் கூட இருக்கும். ஆகவே அனுமதியைப் பறித்த கையோடு அவருடைய புராசஸ்களையும் நிறுத்துங்கள். எந்த ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எல்எஸ்ஓஎஃப் கமாண்ட் சொல்லும்.

நான் சர்வீஸில் இருந்தபோது யுனிக்ஸில் வேலை பார்த்தவன். செட்யூஐடி பிட் ஆபத்து என்று அப்போதே சொல்வார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதை ஏன் எடுத்துப் போடவில்லை?
– ரிட்டயர்டு வாசகர், பெரம்பூர்

எடுக்க முடியாமல்தான் ஐயா. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்றால் பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஷேடோ ஃபைலில் எழுத வேண்டும், அது ரூட்டைத் தவிர யாருக்கும் திறக்காது. ஆனால் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். அதற்காக ஒரு குறிப்பிட்ட புரோகிராமை யார் ஓட்டினாலும் அது தன் ஓனரின் அதிகாரத்தில் ஓடட்டும் என்று ஒரு பிட் வைத்தார்கள். டென்னிஸ் ரிட்சியின் யோசனை, 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்கள். என் கணக்கில் அது ஒரு மேதையின் வேலை, அதே சமயம் ஐம்பது வருட தலைவலி. அந்த புரோகிராமில் ஒரு பிழை இருந்தால் அதை ஓட்டும் எவரும் ரூட்.

2022 ஜனவரியில் வெளியான 'பிவ்ன்கிட்' என்ற ஓட்டை நினைவிருக்கலாம். பிகேஎக்ஸெக் என்று ஒரு செட்யூஐடி புரோகிராம், பெரிய லினக்ஸ் பதிப்புகள் எல்லாவற்றிலும் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். எந்த புரோகிராமையும் கூப்பிடும்போது கூடவே தரும் சொற்பட்டியலில் முதலாவதாக அதன் பெயராவது இருக்கும் என்று நம்பி எழுதியிருந்தார்கள். பட்டியலையே காலியாகக் கொடுத்துக் கூப்பிட்டால் அது எல்லை தாண்டிப் பக்கத்தில் இருக்கும் சூழல் மாறிகளை (புரோகிராமுக்குக் கூடவே கொடுக்கும் செட்டிங்ஸ்) படித்து, அதிலேயே எழுதவும் செய்தது. அங்கிருந்து ரூட் ஆக ஒரு எட்டுதான். 2009-இல் அந்த புரோகிராம் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருந்த பிழை அது, பன்னிரண்டு வருடத்துக்கு மேல். பேட்ச் வரும் வரை செய்யச் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? அந்த செட்யூஐடி பிட்டை எடுத்துவிடுங்கள் என்பதுதான்.

குறைக்கும் முயற்சி நடக்கிறது. பிங் கமாண்டுக்கு முன்பு முழு ரூட் அதிகாரம் இருந்தது, இப்போது பல சிஸ்டங்களில் கேபபிலிட்டி என்று அந்த ஒரு வேலைக்கான அதிகாரத்தை மட்டும் கிள்ளிக் கொடுக்கிறார்கள். ஷெல் ஸ்கிரிப்டில் இந்த பிட் போட்டாலும் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது, அது பழைய பாடம். பென்டிரைவ், ஹோம் பார்ட்டிஷன் இவற்றை, செட்யூஐடி பிட்டை மதிக்காதே என்கிற 'நோசூயிட்' போட்டு மவுன்ட் பண்ணுவது நல்ல பழக்கம்.

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், சிஸ்டமும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் சர்வர். பொது ஃபோல்டரில் இருந்த சம்பள ஷீட்டை பார்ட்னர்கள் மட்டும் திறக்கும் ஃபோல்டருக்கு கட் பண்ணி பேஸ்ட் பண்ணினேன். இனிமேல் யாரும் பார்க்க மாட்டார்கள்தானே? ஒரு ஆர்டிகிள் (சி.ஏ. பயிற்சி) பையன் சிரிக்கிறான், எனக்கு சந்தேகமாக இருக்கிறது.
– திருவொற்றியூர் வாசகி

சந்தேகப்படுங்கள். அந்தப் பையனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபைலைக் காப்பி செய்தால் அது புதிதாகப் பிறக்கிறது, போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதிகளை வாங்கிக்கொள்ளும். ஆனால் அதே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் நகர்வதே இல்லை, பட்டியலில் வரி மட்டும் இடம் மாறுகிறது, ஆகவே பழைய அனுமதிகளையே சுமந்துகொண்டு போகும். உங்கள் சம்பள ஷீட் பார்ட்னர் ஃபோல்டருக்குள் உட்கார்ந்துகொண்டு 'எல்லோரும் படிக்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வேறு டிரைவுக்கு நகர்த்தினால் இந்தத் தொல்லை இல்லை, அது உள்ளுக்குள் காப்பி பண்ணி அழிப்பதுதான்.

சரி, ஃபோல்டரே பூட்டியிருக்கிறதே, உள்ளே எப்படிப் போவான்? இங்கேதான் இரண்டாவது கொக்கி. 'பைபாஸ் டிராவர்ஸ் செக்கிங்' என்று ஒரு உரிமை விண்டோஸில் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. வழியில் இருக்கும் ஃபோல்டர்களில் அனுமதி இல்லாவிட்டாலும், முழுப் பாதையையும் சரியாக டைப் செய்தால், கடைசியில் இருக்கும் ஃபைலின் அனுமதியை மட்டும் பார்க்கும். கிளிக் பண்ணினால் 'அனுமதி இல்லை' என்று வரும் ஃபோல்டர், பாதையை டைப் பண்ணினால் வழிவிடும். வியாசர்பாடித் தம்பியின் 711 கதைதான், விண்டோஸ் வேஷத்தில்.

அந்த ஃபைலின் செக்யூரிட்டி டேப்பில் அட்வான்ஸ்டு போய் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பார்ட்னர் ஃபோல்டரில் அட்வான்ஸ்டுக்குள் போய், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இந்த அனுமதிகளையே மாற்றிப் போடு என்ற பெட்டியை டிக் செய்து ஓகே கொடுத்தால் சரியாகிவிடும். இனிமேல் காப்பி பண்ணிவிட்டுப் பழையதை அழியுங்கள். ஒருவர் பெயரில் 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' போட்டுப் பார்க்கும் டேப் ஒன்று அங்கேயே இருக்கிறது, அந்தப் பையன் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

இந்த மாதிரி தப்பை மைக்ரோசாஃப்ட்டே செய்திருக்கிறதா?
– அதே வாசகி, கடிதத்தின் கடைசி வரியில்

செய்திருக்கிறது. 2021 ஜூலையில் வெளியே வந்தது, 'ஹைவ்நைட்மேர்' என்றும் 'சீரியஸ்சாம்' என்றும் பெயர் வைத்தார்கள். யூசர்களின் பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டின் மறைமுக வடிவம்) எல்லாம் இருக்கும் சாம் ஃபைலை, விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரண யூசர்களும் படிக்கலாம் என்று அனுமதி போட்டு வைத்திருந்தார்கள். விண்டோஸ் ஓடும்போது அந்த ஃபைலை அதுவே பிடித்து வைத்திருப்பதால் நேராகத் திறக்க முடியாது, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் சிஸ்டம் ரீஸ்டோருக்காக எடுத்து வைக்கும் ஷேடோ காப்பியிலும் அதே ஃபைல் அதே அனுமதியோடு இருக்கும், அதை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. பேட்ச் போட்டாலும் பழைய ஷேடோ காப்பிகளைக் கையால் அழிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் அவற்றுக்குள் பழைய தப்பு அப்படியே உறைந்து கிடக்கிறது.

ஐஸ் ஃபேக்டரி கணக்கைப் பென்டிரைவில் வைத்து, ஃபைலுக்கு பெர்மிஷன் போட்டுத் தர முடியுமா?
– காசிமேடு வாசகர்

முடியாது. பென்டிரைவில் இருக்கும் எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் வைக்கும் முறைகள் இரண்டிலும் ஓனர், அனுமதி என்று எழுதி வைக்கவே இடம் கிடையாது. என்டிஎஃப்எஸ் ஆக்கினாலும் அனுமதியை மதிப்பது அதைச் சொருகும் கம்ப்யூட்டர்தான், அந்தக் கம்ப்யூட்டரின் அட்மின் யாரோ அவர் 'டேக் ஓனர்ஷிப்' கொடுத்து எல்லாவற்றையும் திறந்துவிடுவார். பிட்லாக்கர் மாதிரி எதையாவது போட்டு டிரைவையே என்கிரிப்ட் பண்ணுங்கள். பாஸ்வேர்டை டிரைவின் மேலேயே ஒட்டி வைக்காதீர்கள்.

ஒரு ஃபைலை எல்லோருக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறோம். புதிதாக வந்தவருக்கு நன்றாகத் திறந்தது. சரி, நம்ம டீம் ஆள் ஆகிவிட்டாரே என்று அவரை டீம் குரூப்பில் சேர்த்தேன், மறுநாளிலிருந்து திறக்க மாட்டேன் என்கிறது. குரூப்பிலிருந்து எடுத்தால் மறுபடி திறக்கிறது! உரிமை கொடுத்தால் குறையுமா?
– ராயபுரம் வாசகர்

குறையும். உங்கள் ஃபைல் அநேகமாக 604 என்று இருக்கும், யாரோ கணக்குப் போடும்போது நடுவில் பூஜ்ஜியம் விழுந்திருக்கிறது. கர்னல் மூன்று வரிசைகளையும் கூட்டிப் பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் ஓனரா என்று முதலில் கேட்கும், ஆமாம் என்றால் ஓனர் எண்ணோடு முடிவு. இல்லை என்றால் குரூப்பில் இருக்கிறீர்களா என்று கேட்கும், ஆமாம் என்றால் குரூப் எண்ணோடு முடிவு, அது பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியம்தான். இரண்டும் இல்லாதவருக்குத்தான் கடைசி எண். உங்கள் ஆள் குரூப்பில் சேர்ந்து மறுபடி லாகின் பண்ணியதும் கடைசி வரிசையிலிருந்து நடு வரிசைக்கு வந்தார், அங்கே ஒன்றுமில்லை.

பழைய ஆட்கள் சிலர் இதை வேண்டுமென்றே செய்வதுண்டு, ஒரு கூட்டத்தை மட்டும் விலக்கி வைக்க அந்தக் கூட்டத்தையே குரூப்பாகப் போட்டு நடுவில் பூஜ்ஜியம் வைப்பார்கள். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. 644 ஆக்குங்கள். அப்படியும் திறக்காவிட்டால் அந்த ஃபைலுக்கு ஏசிஎல், அதாவது ஆள்வாரியான தனி அனுமதிப் பட்டியல், ஏதாவது இருக்கும், எல்எஸ் மைனஸ் எல் வரியில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி நிற்கும். அந்தப் பட்டியலைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கமாண்டை ஓட்டி, வருவதை அப்படியே எழுதி அனுப்புங்கள், இதையெல்லாம் ஊகத்தில் சொல்வது கஷ்டம்.